நீரைத் தங்கவைக்கும் பொருள்கள்

மனித உடலுக்குள் இருக்கும் நீருக்கும் வெளியே உள்ள காற்றுக்கும் நடுவில் நிற்பது, உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக மற்ற இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள, உயிரற்ற ஒரு படலமாகும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் பார்த்தால் இப்படலத்தின் தடிப்பு தலைமுடி ஒன்றின் குறுக்களவில் கால் பங்கை ஒட்டியே வரும். நகத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் உறுதி தரும் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, உயிர் நீங்கித் தட்டையாகிப்போன செல்கள் 15, 20 அடுக்குகளாகப் படிந்து உருவாவதால் இதைக் கொம்புப் படலம் என்பர். இதற்குக் கீழே உள்ள உயிருள்ள செல்களின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர்தான் என்றாலும், கொம்புப் படலத்தின் மேற்பரப்பை எட்டும்போது அது 15 முதல் 30 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. அதுவும் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் படலம் வளையும் தன்மையை இழந்து விறைத்து, அசைவு நேரும் இடங்களில் வெடிக்கத் தொடங்குகிறது. குதிகாலில் தோன்றும் பித்தவெடிப்பும், பனிக்காலத்தில் உதட்டில் விழும் பிளவும், முதியவர்களின் கணுக்காலுக்கு மேலே படரும் வெண்செதிலும் இந்த ஒரே குறைபாட்டின் வெவ்வேறு தோற்றங்கள்.

வறண்ட தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துவிட்டது, ஆகவே எண்ணெய் தடவினால் அது மென்மையாகும் என்ற கருத்து நெடுங்காலமாக மருத்துவர்களிடையேகூட நிலவியது. தடவியவுடன் தோல் வழுவழுப்பாவதைக் கை உணர்வதால் அந்தக் கருத்தை ஐயுறுவதற்குக் காரணமும் இருக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் 1952-இல் வெளியிட்ட ஆய்வு இதை எளிய முறையில் தகர்த்தது. பாதத்தில் ஏற்படும் காய்ப்பிலிருந்து சீவியெடுத்த துண்டுகளை நன்றாக உலர்த்தி, சிலவற்றை எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும், சிலவற்றை நீரிலும் அவர் ஊறவைத்தார். எண்ணெயில் கிடந்தவை உடையும் தன்மையுடனேயே இருக்க, நீரை ஏற்றவை மட்டுமே வளைந்துகொடுத்தன. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெயின் பங்கு அந்த நீர் வெளியேறாமல் காப்பது. மாய்ஸ்சரைசர் என்ற பெயரில் இன்று விற்கப்படும் எல்லாப் பொருள்களின் வேதியியலும் இந்த ஒரு முடிவிலிருந்தே புரிந்துகொள்ளத் தக்கது.

கொம்புப் படலம் தனக்கு வேண்டிய நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுள்ளது. முதலாவது அதன் கட்டமைப்பு. தட்டையான செல்களைச் செங்கற்களாகவும், அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புகளைச் சாந்தாகவும் கொண்ட சுவராக இதை அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலையாஸ் விளக்கினார்; துறை முழுவதும் அந்த விளக்கத்தையே இன்றும் பயன்படுத்துகிறது. சாந்தின் எடையில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற கொழுப்பு வகையாலும், கால் பங்கு கொலஸ்டிராலாலும், மீதியின் பெரும்பகுதி தனிநிலைக் கொழுப்பு அமிலங்களாலும் ஆனது. இம்மூன்றும் மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், கீழிருந்து மேலேறும் நீர் மூலக்கூறு நேர்வழியில் வெளியேற முடியாமல் செல்களைச் சுற்றிச் சுற்றியே வரவேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஏற்பாடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. அமினோ அமிலங்கள், அவற்றிலிருந்து உருவாகும் பிசிஏ என்ற பொருள், லாக்டிக் அமிலத்தின் உப்புகள், யூரியா ஆகியவை சேர்ந்த, நீரை ஈர்க்கும் ஒரு கலவை அங்கே நிறைந்துள்ளது. 1959 முதல் இது இயற்கை ஈரங்காப்புக் காரணி என்று வழங்கப்படுகிறது. இதன் பெரும்பகுதி ஃபிலக்ரின் என்ற புரதம் சிதைவதால் கிடைக்கிறது. அந்தச் சிதைவு எப்போது நடக்கவேண்டும் என்பதைச் சுற்றியுள்ள காற்றின் வறட்சியே தீர்மானிக்கிறது என்பது எலிக்குட்டிகளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது: ஈரம் மிகுந்த சூழலில் ஃபிலக்ரின் முழுதாகவே இருக்க, படலம் உலரத் தொடங்கும்போது நொதிகள் அதை அறுத்து நீரீர்ப்புப் பொருள்களாக மாற்றுகின்றன. உயிரற்றது என்று ஒதுக்கப்பட்டுவந்த ஒரு படலம் தன் தேவையை உணர்ந்து ஈரத்தைத் தானே சீர்செய்கிறது என்பது தோல் அறிவியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. இப்புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதுற்றால் மீன்செதில் நோயும், கரப்பான் வருவதற்கான வாய்ப்பும் ஏற்படுகின்றன என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் தலைமையிலான குழு 2006-இல் காட்டியது. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இம்மரபணுவின் பழுதுற்ற வடிவம் ஒன்றாவது காணப்படுகிறது.

செதில் உதிர்வதற்கும் நீர் வேண்டும். மேலடுக்கின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரத இணைப்புகளை அறுக்கும் நொதிகள் ஈரத்தில்தான் இயங்கும் என்பதால், நன்றாக ஈரம் தங்கிய தோலில் செல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. வறண்ட தோலிலோ அவை பிரியாமல் கொத்துக்கொத்தாகத் தங்கி, வெண்ணிறச் செதிலாகத் தெரிகின்றன.

ஈரங்காக்கும் பொருள்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்பவை நீரீர்ப்பிகள். தோலின்மேல் நீர் புகாத மெல்லிய உறையாகப் படிந்து ஆவியாதலைத் தடுப்பவை மூடிகள். செதில்களுக்கிடையிலான பள்ளங்களை நிரப்பித் தடவும்போது வழுவழுப்பைத் தருபவை மென்மையூட்டிகள். ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்வதும் உண்டு என்பதால் இந்த எல்லைகள் கறாரானவை அல்ல.

நீரீர்ப்பிகளில் முதலிடம் கிளிசரினுக்கே உரியது. ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1779-இல் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சேர்த்துச் சூடாக்கியபோது இனிப்பான ஒரு திரவமாக இதைக் கண்டறிந்தார். கொழுப்பு எதுவாயினும் அதைச் சோப்பாக மாற்றும்போது கிளிசரின் உடன் வெளிப்படுவதால், இது மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்துவந்திருக்கிறது. மூன்று கார்பன் அணுக்களும் அவை ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் கொண்ட இம்மூலக்கூறின் எடை 92 டால்டன் மட்டுமே. டால்டன் என்பது மூலக்கூறுகளை எடையிடும் அலகு. 500 டால்டனுக்கு மேற்பட்டவை சீரான கொம்புப் படலத்தை எளிதில் ஊடுருவுவதில்லை என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு என்பதால், கிளிசரின் தடையின்றி உள்ளே செல்கிறது. உள்ளே சென்றபின் அது நீரைப் பிடித்துவைப்பதோடு நின்றுவிடுவதில்லை. காற்று மிகவும் வறண்டிருக்கும்போது சாந்துக் கொழுப்புகள் இறுகிப் படிகமாவதைத் தடுத்து அவற்றை நெகிழ்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. செதில் உதிர உதவும் நொதிகளின் வேலையையும் எளிதாக்குகிறது. செல்லின் சவ்வில் நீர் செல்லும் நுண்வழிகளான அக்குவாபோரின்களைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற 2003-ஆம் ஆண்டிலேயே, தோலில் உள்ள மூன்றாம் வகை அக்குவாபோரின் நீரோடு கிளிசரினையும் கடத்துகிறது என்பதன் பொருள் தெளிவாயிற்று. அந்த வழி இல்லாமல் பிறந்த எலிகளின் தோல் வறண்டிருந்தது. கிளிசரின் கொடுத்ததும் அதன் ஈரமும் நெகிழ்வும் திரும்பின. மருந்துக்கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு உறுதியான சான்று இருப்பது, அழகுப்பொருள்களின் விலையை அவற்றின் பயனுக்கு அளவுகோலாகக் கொள்ளவே கூடாது என்பதைக் காட்டுகிறது.

யூரியா இதற்கு அடுத்து நிற்கிறது. தோலின் சொந்த ஈரங்காப்புக் கலவையிலேயே இது இடம்பெறுவதால் உடலுக்கு அந்நியமானது அல்ல. 10 விழுக்காடு வரையிலான அளவில் நீரை ஈர்க்கும் இப்பொருள், 20-லிருந்து 40 விழுக்காடு வரை செல்லும்போது கெரட்டின் புரதத்தின் பிணைப்புகளைத் தளர்த்தித் தடித்த தோலைக் கரைக்கத் தொடங்குவதால், காய்ப்புக்கும் பித்தவெடிப்புக்குமான களிம்புகளில் அடர்த்தி கூட்டிச் சேர்க்கப்படுகிறது. வெடித்த இடத்தில் தடவினால் எரிச்சல் தரும் என்பது இதன் குறை. சிறு குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று.

விளம்பரங்களில் இன்று மிகுதியாகப் பேசப்படுவது ஹயலூரானிக் அமிலம். கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். பின்னர் சேவலின் கொண்டையிலிருந்தும், இப்போது பெரும்பாலும் பாக்டீரியாக்களை வளர்த்தும் இது பெறப்படுகிறது. உடலின் உள்ளே, அடித்தோலிலும் மூட்டுகளிலும், இதன் பணி இன்றியமையாதது. ஆனால் அதன் முழு வடிவத்தின் எடை பல இலட்சம் டால்டனைத் தாண்டுவதால், மேலே தடவும்போது கொம்புப் படலத்தின் புறத்திலேயே ஒரு மென்படலமாகத் தங்கிவிடுகிறது. அந்த மென்படலமும் ஓரளவு ஈரத்தைக் காக்கிறது, தொடுவதற்கும் இதமாக இருக்கிறது என்பது உண்மை. அடித்தோலில் இயற்கையாக உள்ள ஹயலூரானிக் அமிலத்தின் குறையை அது நிரப்பிவிடும் என்ற உரிமைகோரலுக்கு அந்த உண்மை இடம் தருவதில்லை.

நீரீர்ப்பிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அவை காற்றிலிருந்தும் ஓரளவு நீரைப் பெறக்கூடும். குளிரூட்டப்பட்ட அறையிலும் பனிக்கால வறட்காற்றிலும் அவற்றுக்கு நீர் கிடைப்பது தோலின் கீழடுக்குகளிலிருந்து மட்டுமே. அப்படி மேலே இழுக்கப்பட்ட நீரை மூடிவைக்க எதுவும் இல்லாவிட்டால் அது ஆவியாகிவிடும். ஆகவேதான் தேர்ந்த களிம்புகள் எல்லாவற்றிலும் நீரீர்ப்பியுடன் ஒரு மூடியும் சேர்ந்தே இருக்கிறது.

மூடிகளில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகரானது இன்றுவரை இல்லை. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்ட காலத்தில், இறைக்கும் தண்டுகளில் படிந்து இயந்திரத்தை முடக்கிய மெழுகைத் தொழிலாளர்கள் தங்கள் வெட்டுக் காயங்களிலும் தீப்புண்களிலும் தடவிக்கொண்டிருந்தனர். 1859-இல் அங்கே சென்ற இளம் வேதியியலாளர் ராபர்ட் செஸ்புரோ அந்த மெழுகைத் தூய்மையாக்கும் முறையைக் கண்டு, 1872-இல் வாஸ்லைன் என்ற பெயருடன் காப்புரிமை பெற்றார். தோலின் வழியே ஆவியாகும் நீரை ஏறத்தாழ 98 விழுக்காடு வரை இது தடுக்கவல்லது. மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் இருபது, முப்பது விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. தோலை முழுதும் அடைத்து அதன் இயற்கையான சீரமைப்பையே இது நிறுத்திவிடும் என்ற அச்சம் இருந்தது. எலையாஸின் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, பெட்ரோலியம் ஜெல்லி மேலேயே தங்காமல் கொம்புப் படலத்தின் இடைவெளிகளுக்குள் பரவுகிறது என்பதையும், அடியில் புதிய சாந்து உருவாவதை அது தடுப்பதில்லை என்பதையும் நிறுவி அந்த அச்சத்தை நீக்கியது. கச்சா எண்ணெயிலிருந்து வருவதால் நஞ்சானது என்ற பேச்சு இப்போது பரவலாக இருந்தாலும், தீங்கான வளையச் சேர்மங்கள் நீக்கப்பட்ட மருந்துத் தரத்தினது என்றால் அஞ்ச வேண்டியதில்லை. தூய்மையாக்கப்படாத தொழிற்சாலைத் தரத்தைத் தோலுக்குப் பயன்படுத்துவதுதான் தவறு. எண்ணெய்ச் சத்துள்ள களிம்புகள் ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் விரைவாகத் தீப்பற்றும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருப்பதை, நாள்தோறும் உடல் முழுதும் களிம்பு தடவுபவர்கள் கருத்தில் கொள்வது நல்லது.

பெட்ரோலியம் ஜெல்லி நீரோடு கலவாது, கையில் பிசுபிசுக்கும். நீரையும் எண்ணெயையும் பிரியாமல் ஒன்றாக வைத்திருக்கும் கலவையான பால்மம் இந்த இடர்ப்பாட்டுக்கு விடையாக வந்தது. தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் பன்னீருடன் கலந்து கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் காலன் செய்த குளிர் களிம்பு அதன் பழைய வடிவம். ஆயினும் அது எளிதில் பிரிந்தது. செம்மறியாட்டுக் கம்பளியில் படியும் மெழுகைத் தூய்மையாக்கிய லனோலின் 1882-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றதும், அதிலிருந்து ஐசக் லிஃப்ஷுட்ஸ் பிரித்தெடுத்த பால்மமாக்கியைக் கொண்டு 1911-இல் ஹாம்பர்க்கில் நிவியா களிம்பு உருவானதும், நெடுநாள் கெடாத பால்மங்களின் தொடக்கம். இன்று பெரும்பாலான களிம்புகளில் பாதிக்கு மேல் நீர் இருக்கிறது. நீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும் என்பதால் பதப்படுத்திகள் தேவையாகின்றன. பதப்படுத்தி இல்லாத நீர்க்களிம்பு நல்லது என்று எண்ணுவது ஆபத்தானது. மாறாக, பால்மமாக்கியின் தேர்வில்தான் உண்மையான கவனம் வேண்டும். பிரிட்டனில் பல ஆண்டுகள் கரப்பானுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு நீர்க்களிம்பில் சோடியம் லாரில் சல்பேட் என்ற சோப்பு வகைப் பொருள் பால்மமாக்கியாக இருந்தது. அதை நான்கு வாரங்கள் தடவியவர்களின் கொம்புப் படலம் மெலிந்து, நீரிழப்பும் கூடியிருந்ததைப் பாத் பல்கலைக்கழகம் 2010-இல் கண்டறிந்தது. ஈரங்காக்கத் தரப்பட்ட மருந்தே ஈரத்தைப் போக்கியிருக்கிறது.

தாவர எண்ணெய்கள் எல்லாம் ஒன்றுபோலச் செயல்படுவதில்லை என்பதே அவற்றைப் பற்றி முதலில் அறியவேண்டியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929-இல் கொழுப்பே இல்லாத உணவு தந்து வளர்த்த எலிகளின் தோல் செதில்செதிலாக உரிந்தது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்ததும் அது குணமாயிற்று. சாந்தின் தகடுகளை ஒன்றோடொன்று தைத்துவைக்கும் சிறப்புச் செராமைடு ஒன்றுக்கு இந்த அமிலம் உறுப்பாகத் தேவைப்படுவதே காரணம் என்பது பின்னாளில் விளங்கியது. எனவே லினோலெயிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் தோலுக்கு உதவுகிறது. ஒலெயிக் அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெயோ சாந்தின் அடுக்கைக் குலைத்துத் தோலை மேலும் கசியவைக்கிறது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் பிறந்த குழந்தைகளுக்குத் தேய்க்கப்படும் கடுகெண்ணெய் எலிகளின் தோலில் சோதிக்கப்பட்டபோது சீரமைப்பைத் தாமதப்படுத்தியது.

இந்த வேறுபாடு உயிரைக் காக்கும் அளவுக்குப் பெரியது என்பதைக் காட்டிய ஆய்வு வங்கதேசத்தின் டாக்காவில் நடந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் கொம்புப் படலம் முழுமையாக உருவாகாததால், நீர் வெளியேறுவதோடு கிருமிகள் உள்ளே புகவும் அது வழிவிடுகிறது. 33 வாரங்களுக்கு முன்பே பிறந்த ஏறத்தாழ 500 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெயும் மற்றொன்றுக்குப் பெட்ரோலியம் சார்ந்த களிம்பும் தடவிவந்த கேரி டார்ம்ஸ்டாட் குழுவினர், எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததை 2005-இல் வெளியிட்டனர். இறப்பும் எண்ணெய்ப் பிரிவில் 26 விழுக்காடும், களிம்புப் பிரிவில் 32 விழுக்காடும் குறைந்திருந்தது. சமையலறையில் இருக்கும் ஓர் எண்ணெயைச் சரியாகத் தேர்ந்து தடவுவதால் உயிர்கள் காக்கப்பட்ட இந்தச் செய்தி, அழகுசாதனக் கடைகளின் வெளிச்சத்தைவிடப் பேறுகால மருத்துவமனைகளின் சுவர்களில் எழுதப்படத் தக்கது. அதற்காக எதையும் மிகைப்படுத்தவும் கூடாது. முழுமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டு முழுவதும் களிம்பு தடவினால் கரப்பானே வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையைப் பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் வெளியான முடிவு, அப்படி எந்தத் தடுப்பும் நிகழவில்லை என்றே கூறியது. வந்துவிட்ட கரப்பானின் வறட்சியைத் தணிக்கக் களிம்பு இன்றியமையாதது. அதன் வருகையைத் தடுப்பது வேறு வேலை.

பொருளின் உறையில் அச்சிடப்பட்ட பட்டியல், இவற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கிடைக்கும் ஒரே நேர்மையான தடயம். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபினாக்சியெத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிகள் ஒரு விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் அதற்கும் குறைந்த அளவில்தான் இருக்கும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மின்னும் பழச்சாறும் பூச்சாறும் இந்த இடத்தில் அடிக்கடி காணப்படும். பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால் என்று இருப்பதைக் கண்டு தோலை உலர்த்தும் சாராயம் என்று அஞ்சுவோர் பலர். அது நீண்ட சங்கிலியுள்ள மெழுகு போன்ற மென்மையூட்டி, எரியும் சாராயத்துக்கு உரிய குணம் அதற்கு இல்லை. குளித்து ஈரம் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவுவது, எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் அதன் பயனைக் கூட்டும்.

முடியின் கதை வேறு. தோலுக்குக் கீழே உயிருள்ள செல்கள் இருந்து புதிய படலத்தை ஓயாமல் உருவாக்குகின்றன. தலையிலிருந்து வெளிவந்த முடிக்கு அத்தகைய சீரமைப்பு எதுவும் கிடையாது. மேலும், தோலுக்கு நன்மை தரும் நீர் முடிக்கு அளவு மீறினால் தீங்காகிறது. நனையும்போது முடியின் குறுக்களவு ஏறத்தாழ 15 விழுக்காடு பெருக்கிறது; மீண்டும் மீண்டும் வீங்கிச் சுருங்குவதால் வெளிச் செதில்கள் தூக்கிக்கொண்டு, உள்ளிருக்கும் புரதம் கழுவுநீரோடு வெளியேறுகிறது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் இருவர் 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தப் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதன் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு லாரிக் அமிலம். நேரான குட்டைச் சங்கிலி கொண்ட அது முடியின் புரதத்தோடு ஒட்டும் இயல்புடையதாதலால் முடித்தண்டின் உள்ளே நுழைந்து, நீர் நுழைவதற்கான இடத்தைக் குறைக்கிறது. தோலுக்குச் சிறந்த சூரியகாந்தி எண்ணெய் முடிக்குள் அவ்வாறு நுழைவதில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கேரளத்திலும் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னர் குளிக்கும் பழக்கத்தில் எண்ணெய் நீருக்கு முன்னால் வருகிறது. ஆய்வில் பயன் மிகுந்ததும் அந்த வரிசையே.

கடையில் கிடைக்கும் கண்டிஷனர் வேறொரு வழியில் வேலை செய்கிறது. முடியின் வெளிப்பரப்பில் 18-எம்இஏ என்ற கொழுப்பு அமிலம் ஒற்றையடுக்காக ஒட்டியிருந்து, பிறந்தது முதல் அதற்கு வழுக்கலைத் தருகிறது. வெளுக்கும் இரசாயனமும் சாயமும் இந்த அடுக்கை அரித்துவிட்டால் அதன் கீழே எதிர்மின்னூட்டம் கொண்ட புரதம் வெளிப்பட்டு, முடிகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்காகின்றன. கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்ற பொருள்கள் நேர்மின்னூட்டம் கொண்டவையாதலால், பாதிப்பு மிகுந்த இடத்தில்தான் மிகுதியாக ஒட்டுகின்றன. வேர்ப்பகுதியைவிட நுனிகள் அதிகமாகப் பயன் பெறுவதற்கு இதுவே காரணம். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் அதன்மேல் படிந்து உராய்வை மேலும் குறைக்கிறது. பிளவுபட்ட நுனியை இவை தற்காலிகமாக ஒட்டிவைக்குமே தவிர இணைப்பதில்லை என்பதால், அடுத்த முறை ஷாம்பூ இட்டு அலசியதும் பிளவு மீண்டும் தெரியும். அதற்குக் கத்தரிக்கோலைத் தவிர வேறு மருந்து இல்லை.